இடது காது

ராஜபாளையத்தில் வத்தல் மண்டி வைத்திருந்த ஜெய்னுலாப்தீன் ராவுத்தருக்கு இடது காதில் இரைச்சல் வந்தது ஏன் என்பது முதலில் மூன்று பேருக்குத்தான் தெரியும். ஒருவர் ராவுத்தர். இன்னொருவர் அவரை அறைந்த அவருடைய மனைவி ரஹ்மத் பீவி. மூன்றாவது ஆள், அடுப்படி வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்ட அவர்கள் மகள் அசீனா.

ஆமாம், மனைவிதான் அறைந்தாள். அதற்காக யாரும் வாயைப் பிளக்க வேண்டாம். ஊரில் தினமும் ஏதாவது ஒரு வீட்டில் நடக்கிற காரியம்தான். அன்றைக்குக் கை மட்டும் மாறிவிட்டது.

ராவுத்தர் கெட்டவர் இல்லை. தராசில் விளையாட மாட்டார். நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் கஞ்சி அவர் செலவுதான். கட்டிய மனைவி மேல் ஒரு நாளும் கை நீட்டியதில்லை, அதில் அவருக்கு உள்ளூரப் பெருமையும் உண்டு. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் குடும்பத் தகராறுகள் அவர் முன்னால்தான் வரும். அண்ணனோ தகப்பனோ வந்து, மாப்பிள்ளை எங்கள் பிள்ளையை அடித்துவிட்டான் என்பார்கள். ராவுத்தர் தாடியைத் தடவிக்கொண்டு முழுவதையும் கேட்பார். கேட்டுவிட்டு எப்போதும் ஒரே தீர்ப்புத்தான் சொல்வார்.

"குடும்பம்னா முன்னப் பின்ன இருக்கத்தான் செய்யும். ஒரு அறையில என்ன கொறஞ்சு போச்சு? கூட்டிக்கிட்டுப் போயி விடுங்க."

அடுத்த தெரு மெகராஜ் பேகத்தை அவள் அண்ணன் இரண்டு முறை கூட்டிவந்து முறையிட்டான். இரண்டு முறையும் இதே தீர்ப்பு. மூன்றாம் முறை அவன் வரவில்லை. பார்த்தீர்களா, நம்ம பேச்சு எடுபட்டது என்று ராவுத்தர் சந்தோஷப்பட்டார்.

ஊருக்கு உபதேசம் செய்கிறவனுக்கும் ஒரு நாள் வீடு என்று ஒன்று வரும். அசீனாவை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜவுளிக்கடை பீர் முகமதுவின் மகன் சேக் முகைதீனுக்குக் கட்டிக் கொடுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவள் ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் மாட்டுவண்டி பிடித்துத் தாய்வீடு வந்து இறங்கினாள். இடது கன்னம் வீங்கியிருந்தது. மாமியார் கூப்பிட்டதற்கு ஏன் என்று கேட்கவில்லையாம், புருஷன் அறைந்தானாம். இது முதல் தடவையும் இல்லை என்று தாயிடம் மட்டும் சொன்னாள்.

சேதி கேட்டு ராவுத்தர் மண்டியிலிருந்து வந்தார். மகள் கிணற்றடியில் முதுகைக் காட்டி நின்றாள். பின்னால் இடதுபக்கமாக வந்து, "அசீனா" என்றார். அவள் திரும்பவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டார். அப்போதும் திரும்பவில்லை.

"கூப்பிட்டா ஏன்னு கேக்க மாட்டியோ? இந்தத் திமிருக்குத்தான் அவன் கை நீட்டியிருக்கான்" என்று கத்திவிட்டு அடுப்படிக்குள் போனார். ரஹ்மத் பீவி அம்மியில் மல்லியும் மஞ்சளும் அரைத்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு வெள்ளன வண்டி பூட்டச் சொல்லிட்டேன். கொண்டுபோயி விட்டுட்டு வாரேன்" என்றார் ராவுத்தர்.

"கன்னத்தப் பாத்தியளா?"

"பாத்தேன், பாத்தேன். ஒரு அறையில என்ன கொறஞ்சு போச்சு?"

ரஹ்மத் பீவி அம்மியை விட்டு எழுந்தாள். வலது கையில் அரைத்த மசாலா அப்படியே இருந்தது. அந்தக் கையாலேயே, விரலெல்லாம் விரித்து, அவர் இடது காதோடு சேர்த்து ஒன்று வைத்தாள்.

"இப்பச் சொல்லுங்க" என்றாள். "என்ன கொறஞ்சு போச்சு?"

மரியாதை குறையாமல்தான் கேட்டாள். ராவுத்தர் தாடியில் மஞ்சள் ஒட்டியிருந்தது. வாசலில் அசீனா நின்றாள். ராவுத்தர் கை காதுக்குப் போயிற்று. காதுக்குள் 'டப்' என்று ஏதோ விட்டுப்போனதுபோல் இருந்தது. அதற்குப் பிறகு ஒரு சத்தம் உள்ளே புகுந்துகொண்டது. ரஹ்மத் பீவி தன் கையைப் பார்த்தாள், அப்புறம் முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். புருஷனைக் கை நீட்டி அடித்த பெண்ணைப் பற்றி அவள் அதுவரை கேள்விப்பட்டதும் இல்லை.

மறுநாள் வண்டி பூட்டவில்லை. தலை நிமிர்ந்தால் ராவுத்தருக்குச் சுற்றியது. சம்பந்திக்கு ஆள் அனுப்பினார்: "காதில் கோளாறு, சரியானதும் பிள்ளையை நானே கொண்டுவந்து விடுகிறேன்."

அந்த ஒரு வார்த்தையில் ரஹ்மத் பீவி நடுவில் மாட்டிக்கொண்டாள். கை நீட்டிய பாவத்துக்கு அவள்தான் மருந்து அரைக்க வேண்டும். மருந்து பலித்தால் மகள் வண்டி ஏற வேண்டும். வெங்காயத்தை வாட்டிப் பிழிந்து அவர் காதில் விடும்போது, இது கேட்க வேண்டும் என்று வேண்டுவதா, கேட்கக் கூடாது என்று வேண்டுவதா என்று தெரியாமல் வாய்க்குள் முனகிக்கொண்டே விட்டாள். ராவுத்தர் தலையைச் சாய்த்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் அந்த அறையைப் பற்றிப் பேசவில்லை. முழுப் பூசணிக்காய் அந்த வீட்டுச் சோற்றில் அப்படியே கிடந்தது.

வெங்காயச் சாறு கேட்கவில்லை. பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயும் கேட்கவில்லை. ராவுத்தர் வைகுண்டராஜ் வைத்தியரிடம் போனார். கைராசிக்காரர், நிதானமானவர். நாடியைப் பிடித்தபடி முதல் கேள்வியே அதைத்தான் கேட்டார்.

"காதுல அடி கிடி பட்டுச்சா, ராவுத்தரே?"

ராவுத்தருக்கு முகம் சுட்டது. "சேச்சே. வாடைக் காத்து அடிச்சிருக்கும்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அடி பட்டிருந்தா நான் சொட்டு எண்ணெய்கூட விட மாட்டேன். ஒத்தடம் மட்டுந்தான்."

"அடியெல்லாம் இல்ல வைத்தியரே, யாரு என்னை அடிக்கப் போறா?"

அதுவும் நியாயம்தானே என்று வைத்தியர் சிரித்தார். சுக்கும் பெருங்காயமும் போட்டுக் காய்ச்சிய தைலம் கொடுத்தார், எருக்கிலையை வாட்டிப் பிழிந்து விடச் சொன்னார். வைத்தியனிடம் பொய் சொல்லலாமா என்று கேட்கிறவர்கள், மனைவியிடம் அறை வாங்கிவிட்டு வந்து கேட்கட்டும்.

பள்ளிவாசலில் கேட்டவர்களிடம் அவர் வேறு கதை சொன்னார். தொழுகைக்குக் கைகால் கழுவும் ஹவுலில் வழுக்கி விழுந்தேன், அதிலிருந்து காது இரைகிறது என்றார். மண்டிக்கு வந்தவர்களிடம் வண்டி நுகத்தடி இடித்துவிட்டது என்றார். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும். அவருக்கு அந்தத் தொழில் பழக்கமில்லை.

அசரத்து, அதாவது பள்ளிவாசல் இமாம், வயதானவர், சாது. "காது இரைஞ்சா பெருமானாரை நெனைச்சு ஸலவாத்து ஓதணும்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. நீங்களும் ஓதுங்க, மனசுக்கு இதமா இருக்கும்" என்றார். நபிகள் பெருமானார் மேல் வாழ்த்து ஓதுவது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான், நல்ல வழக்கமும்கூட. யாருக்கோ எப்போதோ ஒரு விநாடி காது கூவும், அவர் ஓதிக்கொள்வார், நின்றுவிடும். ராவுத்தருக்கு நிற்கவே இல்லை. அதனால் அவரும் ஓதிக்கொண்டே இருந்தார். மண்டியில் வத்தல் அம்பாரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உதடு ஓயாமல் ஓதினார்.

அசரத்து சொன்னது அவ்வளவுதான். மீதியை ஊர் சேர்த்துக்கொண்டது. பெருமானாரே ராவுத்தரை விடாமல் நினைக்கிறார்கள், அதனால்தான் அவர் காது விடாமல் ஒலிக்கிறது என்று ஒருவர் சொன்னார். கொடுத்துவைத்த காது என்று இன்னொருவர் சொன்னார். சாயங்கால அசர் தொழுகை முடிந்து அவர் வெளியே வரும்போது பெண்கள் செம்பில் தண்ணீர் வைத்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தார்கள், ஓதி ஊதிக் கொடுக்கச் சொல்லி. காய்ச்சல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வேண்டாம் என்று சொன்னால், பாருங்கள், எம்புட்டு அடக்கம் என்றார்கள்.

ராவுத்தருக்கு அந்தத் தண்ணீரைப் பார்க்கும்போதெல்லாம் செத்துப்போகலாம் போல் இருந்தது. எந்தப் பெயரைச் சொல்லி ஊர் இந்தக் காதைக் கும்பிடாத குறையாகப் பார்க்கிறது, எந்தக் கையிலிருந்து இந்த இரைச்சல் வந்தது என்று நினைத்தால் உடம்பு கூசியது. உண்மையைச் சொன்னால் அடுத்த வெள்ளிக்கிழமை எந்த முகத்தோடு தீர்ப்புச் சொல்வது? தலையைக் குனிந்துகொண்டு அவசர அவசரமாக ஊதிவிட்டு நடந்தார். ஒரு நாள் மெகராஜ் பேகமும் செம்போடு நின்றாள். "பெரியத்தா, எனக்கு..." என்று ஏதோ சொல்ல வந்தாள். அவர் அவள் செம்பிலும் ஊதிவிட்டு, நிற்காமல் போய்விட்டார்.

இதற்குள் தைலம் தன் வேலையைக் காட்டியது. காது சீழ் பிடித்தது. தலையணையில் மஞ்சளாகக் கறை விழுந்தது. அத்தரில் நனைத்த பஞ்சை அடைத்துக்கொண்டு தொழப் போனார். அத்தரையும் மீறி வாடை வந்தது. ஒரு நாள் வரிசையில் பக்கத்தில் நின்றவர், தோளோடு தோள் சேர நிற்க வேண்டிய இடத்தில், ஒரு சாண் தள்ளி நின்றார். கொடுத்துவைத்த காதுக்குக் கிடைத்த மரியாதை அது. அன்று வீட்டுக்கு வந்து, சோறு வேண்டாம் என்று படுத்துக்கொண்டார்.

ரஹ்மத் பீவிதான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "வில்லிபுத்தூர்ல மிசன் ஆசுபத்திரி இருக்காம்ல. காதுக்குள்ள கண்ணாடி வச்சுப் பாக்குறாகளாம். போயிட்டு வருவோம்" என்றாள்.

"போவோம்" என்றார் அவர். பஞ்சைக் காதில் அமுக்கிக்கொண்டு, "அசீனாவும் வரட்டும். அப்படியே அவ வீட்டுல விட்டுட்டு வந்துருவோம். எத்தன நாளைக்குத்தான் வச்சுக்கிட்டிருக்க? சம்பந்திக்குச் சொல்லியனுப்புறேன், ஆசுபத்திரிக்கே வந்து கூட்டிக்கிடட்டும்" என்றார்.

ரஹ்மத் பீவி எழுந்து அடுப்படிக்குப் போனாள். ஒரு தடவை எதிர்த்ததற்குத்தான் இவ்வளவும் ஆகியிருக்கிறது. மறுநாள் விடிகாலையில் மகளின் துணிமணியை மூட்டை கட்டும்போது, அறைந்த அந்தக் கையை அம்மியில் வைத்து நசுக்கிக்கொள்ளலாமா என்று அவளுக்குத் தோன்றியது. அறைந்தும் ஒன்றும் ஆகவில்லை. காதும் போயிற்று, மகளும் போகிறாள்.

மிஷன் ஆஸ்பத்திரி என்று பெயர்தான் பெரிது. ஓட்டுக் கட்டடம், முன்னால் நீள வராந்தா, அதில் பெஞ்சு, பெஞ்சு கொள்ளாமல் ஜனம். டாக்டர் ஏசுவடியான் நடுத்தர வயதுக்காரர். நெற்றியில் வட்டமாக ஒரு கண்ணாடியைக் கட்டியிருந்தார். ராவுத்தரை ஜன்னலோரம் உட்கார வைத்து, ஜன்னல் வெளிச்சத்தை அந்தக் கண்ணாடியால் திருப்பிக் காதுக்குள் விட்டுப் பார்த்தார். சீழைத் துடைத்தார். மறுபடியும் பார்த்தார். ரஹ்மத் பீவியும் அசீனாவும் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு சுவரோரம் துணித்தட்டிக்குப் பின்னால் நின்றார்கள்.

"என்னென்ன விட்டீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

ராவுத்தர் வெங்காயத்தில் தொடங்கி எருக்கிலை வரை சொன்னார். டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"யாராவது உங்களை அடிச்சாங்களா?"

அந்தக் காதில் ராவுத்தருக்குச் சரியாக விழவில்லை. "என்னது?" என்றார்.

டாக்டர் குரலை உயர்த்தினார். "கன்னத்துல யாராவது அறைஞ்சாங்களான்னு கேட்டேன்."

வராந்தாவில் பேச்சு நின்றது. கதவு திறந்துதான் இருந்தது. பெஞ்சின் கோடியில் பீர் முகமதுவும் சேக் முகைதீனும் அசீனாவை அழைத்துப்போக வந்து உட்கார்ந்திருந்ததை ராவுத்தர் அப்போதுதான் பார்த்தார்.

"விழுந்துட்டேன்" என்றார் மெதுவாக.

"விழுந்தா இப்படி ஆகாது. உள்ள சவ்வு கிழிஞ்சிருக்கு. விரிச்ச கையால காதோட சேத்து அறைஞ்சா கிழியுற கிழிசல் இது. நான் போலீசு இல்ல பெரியவரே. நெசத்தச் சொன்னாத்தான் நான் வைத்தியம் பாக்க முடியும்."

ராவுத்தர் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த முகத்தைத் துண்டிலிருந்து எடுக்கவே இல்லை. அவர் வாயிலிருந்து அது வராது என்று ரஹ்மத் பீவிக்குத் தெரிந்தது.

"நாந்தாங்க அறைஞ்சேன்" என்றாள் தட்டிக்குப் பின்னாலிருந்து. "அவிய பொஞ்சாதி."

வராந்தாவில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். அது அப்படியே பெஞ்சு நெடுகப் பரவியது. டாக்டர் சிரிக்கவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை, அந்த ஞாபகம் அவருக்கு வரவில்லை. "இத மொதல்லயே சொல்லியிருந்தா ஒரு சொட்டும் விடாம இருந்திருக்கலாம். சும்மா விட்டிருந்தாலே சவ்வு தானா மூடியிருக்கும்" என்று மட்டும் சொன்னார். அப்புறம் வைத்தியத்துக்கு வந்தார். காது உலர்ந்து இருக்க வேண்டும், குளிக்கும்போது தண்ணீர் படக் கூடாது, எண்ணெயோ சாறோ எதுவும் விடக் கூடாது, சீழ் நிற்கும்வரை வந்து துடைத்துக்கொண்டு போக வேண்டும். "சீழ் நின்னுரும். இரைச்சல் கொறையும். ஒரேயடியா நிக்கும்னு நான் சொல்ல மாட்டேன். அதுக்கு மருந்துன்னு யாராவது வித்தா வாங்காதீங்க. சத்தம் எப்படிக் கேக்கு, சொல்லுங்க."

ராவுத்தருக்குச் சொல்லத் தெரியவில்லை. வெட்கத்தில் வார்த்தை வரவில்லை. "ஒரு மாதிரி... ஊன்னு..." என்று இழுத்தார்.

"சில்வண்டு மாதிரி" என்றது தட்டிக்குப் பின்னால் இன்னொரு குரல். அசீனா. "பகல்ல அம்புட்டா தெரியாது. எல்லாரும் அடங்கின பொறவு கூடிரும். அந்தக் காத மேல வச்சுப் படுத்தா இன்னும் பெருசா கேக்கும். கிணத்துல வாளி உருளுற சத்தம் கேட்டா செத்த நேரம் மறந்திருக்கும்."

ராவுத்தர் துண்டை இறக்கினார். அவருக்குச் சொல்ல வராததை அவள் வரி பிசகாமல் சொல்லியிருந்தாள்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் டாக்டர்.

"எனக்கும் கேக்கும். எடது காதுல. கல்யாணம் ஆன புதுசுல இருந்து."

டாக்டர் தட்டியருகே ஸ்டூலைப் போடச் சொன்னார். ரஹ்மத் பீவி துப்பட்டியை விலக்கி மகளின் காதை மட்டும் காட்டினாள். அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு அவள் பின்னால் நின்று, இடதுபக்கம் விரலைச் சொடுக்கினார். அவள் அசையவில்லை. வலதுபக்கம் சொடுக்கினார். திரும்பினாள்.

"இது ஒரு அறை இல்ல" என்றார் டாக்டர் ராவுத்தரைப் பார்த்து, குரலை இறக்காமல். "பழைய கிழிசல் தழும்பாயிருக்கு, அதுக்கு மேல புதுசு. இந்தக் காது முக்காவாசி போயிருச்சு. இன்னொண்ணு விழுந்தா மிச்சமும் போயிரும். இனிமே இந்தப் பிள்ளைகிட்டப் பேசுனா வலது பக்கம் நின்னு பேசுங்க. எடது பக்கமிருந்து கூப்பிட்டா அதுக்குக் கேக்காது."

கூப்பிட்டால் ஏன் என்று கேட்க மாட்டாள் என்றுதான் அவளை அறைந்தார்கள். அறைந்ததால்தான் அவளுக்குக் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று மறுபடியும் அறைந்தார்கள். கிணற்றடியில் தானும் அதையேதான் சொன்னோம் என்பது ராவுத்தருக்கு நினைவு வந்தது. திமிர் என்று சொன்னோம். வெங்காயமும் பூண்டும் தைலமும் டாக்டரும் தன் ஒரு காதுக்கு. மகள் காதுக்கு ஒரு வருஷமாக ஒரு சொட்டு நல்லெண்ணெயைக்கூட யாரும் காய்ச்சவில்லை. அதுவரை அவர் பட்டது வெட்கமே இல்லை. மனைவியிடம் அறை வாங்கியது வெறும் கூச்சம். வெட்கம் இப்போதுதான் வந்தது.

அவர்கள் வராந்தாவுக்கு வந்தபோது வாயை மூடிச் சிரிக்காதவர்கள் குறைவு. பீர் முகமது எழுந்து வந்தார். சிரிப்பை அடக்கியதில் அவர் மீசை ஆடிற்று.

"சரி சம்பந்தி, அது உங்க வீட்டு விசயம். நமக்கென்ன. மூட்டைய எடுங்க, போவோம். ஒரு அறைக்குப் போயி தாய்வீட்டுல இம்புட்டு நாளு உக்காந்திருந்தா நாலு பேரு என்ன சொல்லுவாக? ஒரு அறையில என்ன கொறஞ்சு போச்சுன்னு நீங்க சொன்னது வில்லிபுத்தூர் வரைக்கும் வந்திருக்கே."

ராவுத்தர் அந்த வார்த்தையைத் தன் நல்ல காதால் கேட்டார். அவருடைய சொல்தான். அவர் தாடியைத் தடவிக்கொண்டு சொல்லும் அதே இழுப்பு.

"கொறஞ்சுதான் போச்சு" என்றார். "என்னையப் பாருங்க. எம் பொஞ்சாதிகிட்ட ஒரே ஒரு அறை வாங்கினேன். ஒரு பக்கத்துக் காது போச்சு, தூக்கம் போச்சு, பள்ளிவாசல்ல பக்கத்துல நிக்க ஆளு இல்லாமப் போச்சு. எம் பிள்ளை எத்தன வாங்கினாளோ. நான் அனுப்ப மாட்டேன்."

"நான் வேணும்னா செஞ்சேன், மாமா?" என்றான் சேக் முகைதீன். அவனுக்கும் முகம் செத்துத்தான் இருந்தது. "எத்தன தரம் கூப்பிட்டாலும் பேசாம நிப்பா. எங்கம்மாவ மதிக்கவே மாட்டா."

"அவளுக்குக் கேக்கலடா" என்றார் ராவுத்தர். "கேக்கல."

சேக் முகைதீன் அசீனாவைப் பார்த்தான். அப்புறம் தன் கையைப் பார்த்தான். பீர் முகமது மட்டும், "பொண்டாட்டி கையால வாங்கினவரு பஞ்சாயத்து பேசுதாரு" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். மறுபடியும் சிரிப்பு எழுந்தது. ராவுத்தர் மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு, அந்தச் சிரிப்புக்கு நடுவே நடந்து, வண்டியில் வைத்தார்.

வண்டியில் அவர் மகளின் வலப்பக்கம் உட்கார்ந்துகொண்டார். பெரிய கோயில் கோபுரம் பின்னால் சிறுத்துப் போயிற்று.

"ஏம்மா என்கிட்டச் சொல்லல?" என்றார்.

"சொன்னா நீங்க என்ன சொல்லுவியன்னுதான் தெரியும்ல, அத்தா" என்றாள் அசீனா. கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

ரஹ்மத் பீவி வெளியே பார்த்துக்கொண்டே, "நானும் வாயால சொல்லியிருக்கணும். கை நீட்டிட்டேன். எனக்கு அது ஆறாது" என்றாள்.

"நீ வாயால எத்தனையோ சொல்லியிருக்க" என்றார் ராவுத்தர். "நல்ல காது ரெண்டு இருந்தப்ப எனக்குக் கேக்கல."

ராஜபாளையம் வந்து சேர்ந்தபோது அசர் முடிந்து வெயில் தாழ்ந்திருந்தது. அவர் பள்ளிவாசலுக்கு வராததால் பெண்கள் செம்போடு வீட்டு வாசலுக்கே வந்து காத்திருந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்ச் செய்தி இன்னும் அங்கே வந்து சேரவில்லை. நாளைக்கு வந்துவிடும், ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அதற்கு முன் தானே சொல்லிவிடுவது மேல் என்று அவருக்குத் தோன்றியது. பள்ளிவாசலில் அசரத்திடமும் சொல்ல வேண்டும், வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். முதலில் இவர்களிடம்.

வாசற்படியில் ஏறி நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எல்லாரும் வீட்டுக்குப் போங்கம்மா. இந்தக் காதுல பரக்கத்து ஒண்ணும் இல்ல. நான் வழுக்கி விழுகவும் இல்ல. இது அறை வாங்கின காது. எம் பொஞ்சாதி அறைஞ்சா. அறைஞ்சது நியாயந்தான்."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி முக்காட்டுக்குள் சிரித்தாள், ஒருத்தி செம்புத் தண்ணீரை வாசலிலேயே கொட்டினாள். ஒவ்வொருவராகப் போனார்கள். தெருமுனையில் சிரிப்பு பெரிதாகக் கேட்டது. அவர் அதையும் நின்று கேட்டார்.

நிமிர்ந்தபோது ஒருத்தி மட்டும் போகாமல் நின்றாள். மெகராஜ் பேகம். இரண்டு கையாலும் செம்பைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, தெருவைப் பார்த்தபடி நின்றாள்.

"மெகராஜு, ஒன்னையுந்தாம்மா சொன்னேன். போ" என்றார் ராவுத்தர்.

அவள் அசையவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டார். கேட்கவில்லையா, கேட்டும் நிற்கிறாளா என்று பழைய கோபம் ஒரு கணம் நாக்கு வரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

அவர் படியிறங்கினார். அவளுடைய இடதுபக்கமாகத்தான் வந்திருந்தார். இரண்டு முறை அவளை அண்ணனோடு திருப்பி அனுப்பியதும், மூன்றாம் முறை அவர்கள் வராததற்குச் சந்தோஷப்பட்டதும், அன்று பள்ளிவாசலில் அவள் சொல்ல வந்ததை நின்று கேட்காமல் போனதும் ஒன்றாக வந்து நெஞ்சில் ஏறின. செருப்பைக்கூடப் போடாமல் அவளைச் சுற்றிக்கொண்டு போய், வலப்பக்கம் நின்றார்.

"மெகராஜு" என்றார், மெதுவாக.

அவள் உடனே திரும்பினாள்.